ஐப்பசி முதல் மாசி வரை: ராமநாதபுரம் கரையோரத்தில் உடம்பை விடாமல் இயக்குவது எப்படி

எங்கள் பக்கம் ஸ்வெட்டர் போடுகிற குளிர் கிடையாது. தை மாத விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆனாலும் ஐப்பசி பிறந்ததும் காலை நடைக்கு வருகிறவர்கள் பாதியாகக் குறைந்துவிடுவார்கள். மழை ஒரு காரணம், வாடைக்காற்று ஒரு காரணம். எல்லாவற்றையும்விட, தொழில் நின்றுபோகிறது. கடல் சீறினால் படகு இறங்காது, உப்பளத்தில் மழைத்தண்ணீர் நிற்கும், கடல்பாசி வளர்ப்பவர்கள் மிதவையைக் கரையேற்றிவிடுவார்கள். அதுவரை பாரம் இழுத்த உடம்பு மூன்று மாதம் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு, தையில் ஒரே நாளில் பழைய பாரத்தைத் தூக்கப் பார்க்கும். இடுப்பு பிடித்துக்கொள்வது அப்போதுதான்.

உச்சிப்புளிப் பக்கம் சில வருடங்களாக நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடக்கிறோம். புதிதாக வருகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து இந்த வரிசையை அமைத்திருக்கிறேன். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். முக்கியமாக நான்காவது படியைச் செய்யாமல் ஐந்தாவதுக்குப் போகாதீர்கள்.

1. பருவத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். அதிலிருந்து கார்த்திகை முடிய மழைக்காலம். மார்கழியில் மழை குறைந்து வாடையும் பனியும் இருக்கும். தை, மாசியில் வானம் தெளிந்து வெயில் திரும்பும்.

முதல் பகுதியில் பெரும்பாலும் வீட்டுக்குள், இரண்டாவதில் உள்ளும் வெளியும், மூன்றாவதில் பெரும்பாலும் வெளியே என்று இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். ஐந்து மாதத்துக்கும் ஒரே திட்டம் போடுகிறவர்கள் முதல் அடைமழையிலேயே அதைக் கைவிடுகிறார்கள். திட்டம் உடைந்த பிறகு மனசு அதைத் திரும்ப எடுக்காது.

2. சர்க்கரை, ரத்த அழுத்தம், பாதம் மூன்றையும் பார்த்துவிடுங்கள்

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் சர்க்கரையும் அழுத்தமும் பார்க்காமல் தொடங்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்கலாம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் ஊழியரிடமே பார்த்துக்கொள்ளலாம். அழுத்தம் 180/110-ஐத் தொட்டால் மருத்துவரைப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். நடக்கும்போது நெஞ்சு இறுகினாலும், வலி கைக்கோ தாடைக்கோ இறங்கினாலும், தலை சுற்றினாலும் அங்கேயே நின்றுவிடுங்கள். வாயு என்று சொல்லிச் சோடா குடித்துவிட்டு நடையைத் தொடர்வது எங்கள் ஊரில் அடிக்கடி நடக்கிற ஆபத்தான காரியம்.

இன்சுலின் போடுகிறவர்களும் சில வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வெறும் வயிற்றில் நடந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். உங்கள் மாத்திரை அந்த வகையா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பையில் கொஞ்சம் குளுக்கோஸோ நாலைந்து மிட்டாயோ இருக்கட்டும். கை நடுங்கி வியர்த்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரை அளவுக்கு வாயில் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

பாதத்தைத் தினமும் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்துவிடும். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்வு மங்கியிருக்கும், புண் வந்ததே தெரியாது. குனிய முடியாதவர்கள் ஒரு கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கலாம்.

3. வாங்க வேண்டியவை கொஞ்சம்தான்

முதல் செலவு காலுக்கு. ரப்பர் செருப்பு ஈரத் தரையில் வழுக்கும். அது மட்டுமானால் பரவாயில்லை, இங்கே சீமைக் கருவேல முள் இருக்கிறது. மழைத்தண்ணீர் முள்ளை அடித்துக்கொண்டு வந்து பாதையில் போட்டுவிடும். ரப்பர் செருப்பை அது ஊசி துணியில் இறங்குவதுபோலத் துளைக்கும். எனக்கே ஒருமுறை செருப்பைத் தாண்டிக் குதிகாலில் ஏறி, உள்ளே முனை ஒடிந்து, பன்னிரண்டு நாள் நடை போனது. கெட்டியான அடிப்பகுதியும் பின்புறப் பட்டையும் உள்ள செருப்போ ஷூவோ வாங்குங்கள். முடிந்தால் இரண்டு ஜோடி. நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து வைத்தால் ஈரத்தை இழுத்துவிடும், ஆனால் ஒரே இரவில் முழுதாகக் காயாது. அதற்குத்தான் இரண்டாவது ஜோடி.

குடை வாங்கி ஏமாறாதீர்கள். வாடை வீசினால் குடை மேல்நோக்கி விரிந்து கம்பி ஒடியும், பிடித்திருக்கும் தோளும் வலிக்கும். மெல்லிய மழைக்கோட்டு போதும். வெளிர் நிறச் சட்டை, சின்ன டார்ச், விரலிடுக்குக்குப் பவுடர், இரண்டு ஐந்து லிட்டர் கேன். அவ்வளவுதான். கேன் எதற்கென்று அடுத்த படியில் வரும்.

4. வீட்டுக்குள் இருபது நிமிடம்: இதைத்தான் முதலில் பழக வேண்டும்

எல்லோரும் நடையில் தொடங்கி, மழை வந்த பிறகு வீட்டுக்குள் என்ன செய்வதென்று யோசிக்கிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். முதல் இரண்டு வாரம் வெளியே போகாமல் இதை மட்டும் பழகுங்கள். கைவந்துவிட்டால் எந்த மழையும் உங்களைத் தடுக்காது. மணலில் நடக்கக் காலும் தயாராகிவிடும்.

முதல் மூன்று நிமிடம் நின்ற இடத்திலேயே முழங்காலை உயர்த்தி நடங்கள், கையையும் வீசுங்கள். ஈரக்காற்றில் தசைகள் இறுகிக் கிடக்கும். சூடாகாமல் குந்தினால் முழங்கால் பிடிக்கும்.

அடுத்தது நாற்காலி. கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழ வேண்டும். பத்து முறை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி பத்து, இப்படி மூன்று சுற்று. தொடைக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. வலை இழுக்கும்போதும் மூட்டை தூக்கும்போதும் இடுப்பைக் காப்பாற்றுவது தொடைதான். நாற்காலியின் முதுகைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் பின்னால் ஓடிவிடும். எங்கள் மதினி ஒருவர் அப்படித்தான் தரையில் உட்கார்ந்தார், நல்லவேளை எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கால் விரிந்த பழைய நாற்காலி வேண்டவே வேண்டாம்.

பிறகு சுவர்த் தள்ளல். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நின்று, உள்ளங்கைகளை நெஞ்சு உயரத்தில் ஊன்றி, முழங்கையை மடக்கிச் சுவரை நெருங்கி, தள்ளித் திரும்புங்கள். பத்து பத்தாக மூன்று சுற்று. தள்ளும்போது மூச்சை வெளியே விடுங்கள். மூச்சை அடக்கித் தள்ளினால் அழுத்தம் ஏறும்.

நான்காவது, படி. மாடிப்படியின் கீழ்ப்படியில் ஏறி இறங்குங்கள். ஒரு நிமிடம் வலது கால் முதலில், அடுத்த நிமிடம் இடது. வெளி வாசல்படியில் செய்யாதீர்கள், சாரலில் நனைந்திருக்கும். மொட்டை மாடியும் இந்த மாதங்களில் ஆகாது, பாசி பிடித்து வழுக்கும்.

ஐந்தாவது, குதிகாலை உயர்த்தி முன்காலில் நின்று மெதுவாக இறக்குவது, பதினைந்து பதினைந்தாக இரண்டு சுற்று. இதைத் தவிர்த்தவர்கள்தான் மணலில் நடந்த முதல் வாரமே கெண்டைக்கால் பிடித்து நொண்டுகிறார்கள்.

இப்போது கேன். இரண்டிலும் பாதித் தண்ணீர் நிரப்பி, கைக்கு ஒன்றாகத் தொங்கவிட்டு, கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய்வாருங்கள். மூன்று நிமிடம். வாரத்துக்கு ஒரு லிட்டர் கூட்டலாம். "குடத்தை இடுப்பில் வைத்துத் தினம் தூக்குகிறோமே, அது போதாதா?" என்று பெண்கள் கேட்பார்கள். 15 லிட்டர்க் குடம் 15 கிலோ. அதை எப்போதும் ஒரே பக்க இடுப்பில் ஏற்றினால் முதுகு ஒரு பக்கமாகச் சாயும். இரண்டு கையிலும் சமமாகப் பிடிக்கும்போது வயிற்றையும் முதுகையும் சுற்றிய தசை எல்லாம் வேலை செய்யும்.

அறுபது தாண்டியவர்கள் கடைசியில் சுவர் ஓரம் நின்று ஒற்றைக் காலில் முப்பது விநாடி நிற்கப் பழகுங்கள். மழைக்காலத்தில் விழுவதைத் தடுப்பது இந்தச் சமநிலைதான். வாரத்தில் மூன்று நாளாவது வேண்டும்.

நாற்காலியும் சுவரும் கேனும் வாரத்துக்கு மூன்று நாள் போதும், ஒருநாள் விட்டு ஒருநாள். தசை தேறுவது ஓய்வு நாளில்தான். மற்ற நாட்களில் நின்ற இடத்து நடையும் படியும் செய்யுங்கள்.

மழை விடுமுறையில் போனோடு கிடக்கும் பிள்ளைகளையும் இழுத்துக்கொள்ளுங்கள். ஐந்து முதல் பதினேழு வயது வரை தினம் ஒரு மணி நேரம் உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு ஸ்கிப்பிங் கயிறும், கூடத்தில் சாக்பீஸால் போட்ட பாண்டிக் கட்டமும் போதும்.

5. நடக்கும் இடத்தைக் காற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

நம் கரைக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடை வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அதைவிட அடங்கியிருக்கும். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் நேர்மாறு. ஆகவே இந்த மாதங்களில் நடை தென்கரையில். மண்டபம் ஊரில் இருப்பவர்களுக்கு இது சுலபம், ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நடந்தே போய்விடலாம். வேதாளை, புதுமடம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி எல்லாம் தென்கரைதான். தேவிபட்டினம், தொண்டி போன்ற வடகரை ஊர்க்காரர்கள் கடற்கரையை விட்டு ஊருக்குள் வீடுகளின் மறைவில் நடப்பது நல்லது. வடகரை மணலில் அலை ஒதுக்கிய பாசிக் குவியல், அறுந்த வலை, கயிறு, தூண்டில் முள் எல்லாம் கிடக்கும்.

எங்கே நடந்தாலும் போகும்போது காற்றுக்கு எதிராகப் போங்கள். திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளும். மாற்றிச் செய்தால், வியர்த்த உடம்போடு களைத்த நேரத்தில் எதிர்க்காற்றில் வர வேண்டியிருக்கும்.

மணலுக்கு ஒரு கணக்கு உண்டு. உலர்ந்த, கால் புதையும் மணலில் நடக்கக் கெட்டித் தரையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் சக்தி வேண்டும். பத்து நிமிட மணல் நடையைப் பத்து நிமிடத் தெரு நடையாக நினைத்துத்தான் புதியவர்கள் காலைப் பிடித்துக்கொள்கிறார்கள். முதல் மாதம் அலை நனைத்துப்போன இறுகிய ஈரமணலில் நடங்கள். கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் கடல் பக்கத்துக் கால் எப்போதும் தாழ இருக்கும். போன தூரத்தை அதே தடத்தில் திரும்பி வந்தால் இரண்டு காலுக்கும் சமமாகிவிடும். கரையொதுங்கிய சொறி மீனை (ஜெல்லி மீனை) மிதிக்காதீர்கள், செத்ததும் அரிக்கும்.

மழைநாளில் கண்மாய்க்கரை வேண்டாம். களிமண் வழுக்கும், வளையில் தண்ணீர் புகுந்ததால் பாம்பும் மேட்டுக்கு ஏறியிருக்கும். கரையோரத்து மணல் தெரு மழை விட்ட கொஞ்ச நேரத்தில் தண்ணீரைக் குடித்துவிடும், அங்கே நடக்கலாம். தையில் மண் இறுகியதும் கண்மாய்க்கரைக்குப் போங்கள், அதைப்போல நல்ல இடம் இல்லை.

பாம்பன் சாலைப் பாலத்தில் நடக்க ஆசைப்படுகிறவர்கள் நிறைய. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், மறைவே கிடையாது, வேடிக்கை பார்க்க நிற்கும் வண்டிகள் வேறு. காற்றுக்காலத்தில் நான் அதைச் சொல்லமாட்டேன். ராமேசுவரம் நெடுஞ்சாலையும் அப்படித்தான். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வேன்கள் இரவெல்லாம் ஓட்டி விடியலில் வந்து சேரும், டிரைவரின் கண் சொக்கியிருக்கும். வேறு வழியில்லாமல் சாலையோரம் நடந்தால் வலப்பக்கமாக, வண்டியை எதிர்நோக்கி நடங்கள்.

6. நேரத்தை மாதத்துக்கு மாதம் மாற்றுங்கள்

நவம்பரில் இங்கே 6.10 வாக்கில் விடிந்து, 5.50-க்கே சூரியன் விழுந்துவிடும். ஜனவரிக் கடைசியில் விடிய 6.35 ஆகும், மாலை வெளிச்சம் 6.15 வரை நிற்கும். ஆகவே மழைக்காலத்தில் காலை நடை, தையில் மாலை நடை. "ஆறு மணி" என்று கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் நவம்பரில் வெளிச்சத்தில் தொடங்கி, ஜனவரியில் இருட்டில் நாய்க்கும் குழிக்கும் நடுவே தட்டுத் தடுமாறுகிறார்கள்.

ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஏதாவது ஒன்றோடு நடையைக் கட்டிவிடுங்கள். கீழக்கரையில் சுபுஹு என்ற அதிகாலைத் தொழுகை முடித்து அப்படியே நடக்கிறவர்கள் உண்டு, மார்கழியில் கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியைச் சுற்றுப்பாதையாக்கிக்கொள்பவர்களும் உண்டு. இருட்டு இருந்தால் டார்ச் அவசியம்.

7. நிமிடங்களைக் கூட்டும் விதம்

இலக்கு வாரத்துக்கு 150 நிமிடம், மிதமான வேகத்தில். மிதம் என்றால் பேச முடியும், பாட முடியாது. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்த அளவு இது, கூடவே வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி. நான்காவது படியைச் செய்தால் அந்த இரண்டு நாளும் அதிலேயே அடங்கிவிடும்.

மூன்றாவது வாரம் தினம் பத்து நிமிடம் வெளி நடை. அப்புறம் வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள், முப்பதைத் தொடும்வரை. ஒரே மூச்சில் முடியாதவர்கள் காலை பதினைந்து, மாலை பதினைந்து என்று பிரிக்கலாம், பலன் குறையாது. முதல் நாளே ஐந்து கிலோமீட்டர் நடந்து போனில் படம் எடுத்துப் போட்டவர்களை நான்காம் நாள் பார்த்ததில்லை.

8. வெளியே போகக் கூடாத நாள்

இடி காதில் விழுந்தால் மின்னல் உங்களைத் தொடும் தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். உடனே வீட்டுக்குள் போங்கள், கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். வெட்டவெளிக் கடற்கரையில் உயரமானது நீங்கள்தான். பனையடியில் ஒதுங்குவது அதைவிட மோசம்.

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் கவனியுங்கள். ஒன்றாம் எண் என்றால் தொலைவில் உருவாகியிருக்கிறது, வானிலைச் செய்தியைப் பார்த்து ஊருக்குள் நடக்கலாம். மூன்றாம் எண் ஏறினால் திடீர்க் காற்று துறைமுகத்தையே தாக்கக்கூடும், அன்று வீட்டுக்குள் இருபது நிமிடம்தான். தென்னை மட்டையும் ஓடும் பறக்கிற நாளில் வீரம் காட்ட வேண்டாம்.

மழை நின்றாலும் தேங்கிய தண்ணீரில் இறங்கி நடக்காதீர்கள். எலிக்காய்ச்சல் காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகவே ஏறும்.

9. தண்ணீரும் தீனியும்

வாடைக்காலத்தில் தாகம் தெரியாது. வியர்வை காற்றில் உலர்ந்துவிடுவதால் போனதும் தெரியாது. நடைக்கு முன் ஒரு டம்ளர், வந்ததும் ஒரு டம்ளர் என்று கணக்காகக் குடியுங்கள்.

நடை முடிந்த இடத்தில் டீக்கடை இருந்தால் வடை தானாகக் கைக்கு வரும். அதற்குப் பதில் மார்கழி, தையில் கிடைக்கும் அவித்த பனங்கிழங்கைச் சாப்பிடலாம். நார்ச்சத்து நிறைய, வயிறும் நிற்கும். மாவுச்சத்தும் உண்டு என்பதால் சர்க்கரை உள்ளவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கருப்பட்டிக் காப்பி உடம்புக்கு நல்லது என்று மூன்று டம்ளர் குடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கருப்பட்டியும் சர்க்கரைதான்.

10. தை பிறந்து தொழிலுக்குத் திரும்பும்போது

இதற்காகத்தான் இத்தனையும். ஒரு பாசி மிதவையில் கட்டும் விதைப்பாசியே 60 கிலோ அளவுக்கு வரும். நாற்பத்தைந்து நாள் கழித்து அறுவடைக்கு இழுக்கும்போது அதைப்போலப் பல மடங்கு, அதுவும் ஈரப்பாரம். மூன்று மாதம் சும்மா இருந்த இடுப்பு அதை எப்படித் தாங்கும்?

தொழில் தொடங்கும் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே கேனை முழுதாக நிரப்பித் தூக்கப் பழகுங்கள். நாற்காலிப் பயிற்சியை ஐந்து சுற்றாக்குங்கள். முதல் வாரம் பாதிப் பாரம், பாதி நேரம். உப்பு வாருகிறவர்கள் பலகையை ஒரே பக்கமாக இழுக்காமல் அரைமணிக்கு ஒருமுறை கை மாற்றுங்கள். கூடையை இருவர் தூக்கட்டும். தூக்கும்போது முழங்காலை மடக்கிக் குந்தி, பாரத்தை நெஞ்சோடு ஒட்டி எழ வேண்டும். பாரத்தோடு இடுப்பைத் திருகாதீர்கள், காலை நகர்த்தித் திரும்புங்கள். "சம்பளம் குறையுமே அண்ணே" என்று கேட்கிறார்கள். குறையும்தான். ஆனால் இடுப்பு பிடித்தவர்கள் இரண்டு மூன்று வாரம் முழுச் சம்பளத்தையும் விட்டதைப் பார்த்திருக்கிறேன்.

தொழில் தொடங்கியதும் நடையை நிறுத்திவிடலாமா? முதல் மாதம் பத்து நிமிடமாவது வைத்துக்கொள்ளுங்கள், பாரம் இழுத்து இறுகிய உடம்பைத் தளர்த்த அது உதவும்.

11. இடையில் விட்டுப்போனால்

கல்யாணம், காய்ச்சல், புயல் என்று எப்படியும் விட்டுப்போகும். மூன்று நாள் விட்டால் விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள். ஒரு வாரம் விட்டால் முந்தைய வாரத்து அளவுக்குப் போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் என்றால் அளவைப் பாதியாக்கி, வீட்டுக்குள் இருபது நிமிடத்திலிருந்து தொடங்குங்கள். விட்ட நிமிடங்களை ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் ஈடுகட்டப் பார்க்காதீர்கள்.

காய்ச்சலுக்கு மட்டும் தனிக் கணக்கு. காய்ச்சல் முழுதாக விட்டு இரண்டு நாளாவது ஆக வேண்டும். டெங்கு, சிக்குன்குனியா என்று உறுதியானால் மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான், அதுவும் மூட்டு வீக்கம் வடிந்த பிறகு, முதல் நாள் ஐந்து நிமிடம், கூடத்துக்குள்ளேயே.